பெஞ்சுகள் நெருங்கிய தேவாலயம்

அமெரிக்காவின் ரிச்சர்ட்சனில் கறுப்பின மக்கள் கட்டிய தேவாலயத்தில், ஈஸ்டருக்கு அடுத்த வாரம் நடுப்பாதை மூடிக்கொண்டது. இரு பக்கத்துப் பெஞ்சுகளும் ஒன்றையொன்று தொட்டு நின்றன. காலையில் அவர்கள் ஆராதிக்கும்போது பாதை இருக்கும். மதியம் தமிழ்ச் சபை வாடகைக்கு எடுக்கும் நேரத்தில் மட்டும் இருக்காது. தமிழர்கள் ஒரு சனிக்கிழமை பெஞ்சுகளுக்கு போல்ட் அடித்துப் பார்த்தார்கள்; ஞாயிற்றுக்கிழமை அவை போல்ட்டோடு நகர்ந்திருந்தன. பிறகு சுவரோரமாக நடந்து போய் உட்காரப் பழகினார்கள். ஊரில் போலவே சில குடும்பங்கள் இடப் பக்கம், மற்றவர்கள் வலப் பக்கம். அப்படி உட்காரும்படி யாரும் சொன்னதில்லை.

அந்தக் கறுப்பினச் சபையில் சாவி வைத்திருந்த டெலோரஸ் அம்மாள் ஆச்சரியப்படவில்லை. அறுபதுகளில், வெள்ளையர் மட்டும் சாப்பிடும் கடையில் போய் உட்கார்ந்த மாணவர்களை இங்கே ஒளித்து வைத்திருந்தபோது, ஷெரிஃப் நுழைந்ததும் இதே பாதை மூடிக்கொண்டதாம். "அந்தப் பக்கம் எல்லாரும் ஒரே ஃபேமிலியா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். சபைச் செயலர் ஞானதிரவியம் இருமினார். ஏசி கொஞ்சம் அதிகம் என்றார்.

ஆகஸ்டில் இடப் பக்கத்து மாரிசாமி மாரடைப்பில் இறந்தார். அவருடைய அப்பாவின் உடலை ஊர்த் தேவாலயத்துக்குள் விடவில்லை. வாசலிலேயே ஜெபம் செய்து அனுப்பியிருந்தார்கள். அதனால் மாரிசாமியின் மனைவி பவளம் ஒன்றுதான் கேட்டாள்: பெட்டி நடுவாக ஆல்டர்வரை போக வேண்டும்.

"சைடு டோர் வழியா போயிடலாமே சிஸ்டர். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க," என்றார் ஞானதிரவியம்.

"மூணு தலைமுறையா பண்ணியாச்சு பிரதர்."

"நடுவுலதான் வழியே இல்லையே?"

"கை இருக்குல்ல?"

நான்கு பேர் பெட்டியைக் கடைசிப் பெஞ்சுவரை சுமந்தார்கள். அதற்கு மேல் கால் வைக்க இடமில்லை. யாரும் அசையவில்லை. ஞானதிரவியத்தின் மகள் வெண்பா எழுந்து கைகளை உயர்த்தினாள். "டாட், கமான். ஹெவியா இருக்கு அவங்களுக்கு."

சுவரோரம் இருந்தவர்களும் நடுவுக்கு நகர்ந்தார்கள். இரு பக்கத்துக் கைகளும் தலைக்கு மேல் பெட்டியை வாங்கி வாங்கி முன்னே அனுப்பின. தன் வரிசைக்கு வந்தபோது ஞானதிரவியமும் பிடித்தார். கோட்டு கக்கத்தில் கிழிந்தது. பெட்டி ஆல்டருக்குப் போய்ச் சேர்ந்தது. பவளம் பின்னாலேயே பெஞ்சு பெஞ்சாக ஏறி இறங்கிப் போனாள்.

பாதை அதன் பிறகும் திறக்கவில்லை. இப்போது அதை யாரும் கேட்பதுமில்லை. ஞானஸ்நானத்துக்குக் குழந்தைகள் கைமாறித்தான் முன்னால் போகிறார்கள். போன மாதம் ஒரு மணமகளும் அப்படியே போனாள். ஹீல்ஸை மட்டும் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்கள்.