பெரிய கிராணி மாற்றிய முட்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். சுங்கைப்பட்டாணியில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு பத்திரிகைக்குக் கதையும் எழுதுகிறேன். இரண்டு தொழிலுக்கும் கொஞ்சம் பொய் வேண்டும். போன மாதம் சொன்னது கடைக்காரப் பொய்: "முள்ள மாத்திப் பாருங்க ஐயா."

முதலில் இப்படித் தொடங்கினேன்: 1979 ஜூன் மாதக் காலையொன்றில் மெர்போக் ஆறு வெள்ளித் தகடாக—

(அடித்துவிட்டேன். தண்ணீர் சேற்று நிறத்தில்தான் இருந்தது.)

2

துரைசிங்கம் ஐயா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆபீசில் அவர் வைத்ததுதான் சட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆற்று முகத்துவாரத்தில் சியாக்காப் மீன் பிடிக்கப் போவார். மீன் கிடைத்த அன்று கடைக்கு வந்து என் தோளில் தட்டுவார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

நான்கு மாதமாக ஒரு மீனும் இல்லை.

"என்ன காணும் இஞ்ஞாசிமுத்து, உம்மட முள்ளு மழுங்கல். மீன் கிட்டவும் வருகுதில்லை."

பெரிய முள் கொடுத்தேன். பிறகு சின்னது. தூண்டில் நரம்பை மெல்லிசாக்கினோம், ஈயக்குண்டை இலேசாக்கினோம், ரீலையே மாற்றினோம். உயிர் இறாலைக் கோத்துப் பார்க்கச் சொன்னேன். படகுத்துறையில் உயிர் இறாலே கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தார்.

[இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். ஒரு எழுத்துப் பிழையை விடாத மனிதருக்கு இதிலாவது பொறி தட்டியிருக்காதா? தெரிந்துகொள்ள விரும்பாதவருக்கு முள் மாற்றுவது நல்ல வேலை. எனக்கும் நல்ல வியாபாரம்.]

3

காரணத்தைச் சொன்னது அதே தோட்டத்தில் மருந்து* அடிக்கும் ஒரு பெண். வீட்டுக்காரருக்கு நரம்பு வாங்க வந்திருந்தாள். பிச்சையம்மாள் என்று வைத்துக்கொள்வோம்.

"பனைக்குப் புழு மருந்து அடிச்சிட்டு பம்பெல்லாம் ஓடையிலதான் கழுவுறோம் அண்ணே. மொதல்ல எறா செத்துச்சு, அப்புறம் குஞ்சு மீனு. அந்தத் தண்ணி ஆத்துக்குத்தான் போவுது லா."

"முன்னே எங்க கழுவுனீங்க?"

"ஸ்டோருக்குப் பின்னால குழி இருக்கு. பைப்புத் தண்ணிய வீணாக்காதீங்க, ஓடைக்குப் போங்கன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. பெரிய கிராணி சைன் போட்டது." நரம்புக்குக் காசை எண்ணி வைத்தபடி சொன்னாள்: "எம் மவ அந்த ஓடையிலதான் குளிக்குது. தோலெல்லாம் புண்ணு. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க அண்ணே, வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

அடுத்த ஞாயிறு ஐயா வந்தார். சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி "ஆர் சொன்னது?" என்பதாகத்தான் இருக்கும். அதனால்தான் முள்ளை மாற்றச் சொன்னேன். பயந்தது அவளுக்காக மட்டும் என்று எழுதினால் அது கதைக்காரப் பொய்.

* மலாய்க்காரர்கள் இதை ராச்சுன், அதாவது விஷம், என்றே சொல்கிறார்கள். நாம்தான் காய்ச்சலுக்குக் குடிப்பதையும் புழுவுக்கு அடிப்பதையும் ஒரே சொல்லில் அழைக்கிறோம். எனக்கும் மாற்றி எழுதக் கை வரவில்லை.

4

முடிவு அ: ஐயா மனம் மாறி நோட்டீசைக் கிழித்தெறிகிறார். (சிரிப்பு வந்தது. அவர் கிழிக்க மாட்டார். புதிதாக ஒன்று டைப் அடிப்பார்.)

முடிவு ஆ: மருந்து அடிக்கும் பெண்களை வரிசையாக நிறுத்துகிறார். "ஆர் உதை வெளியில கதைச்சது?" பிச்சையம்மாள் ஓரடி முன்னால்—

இதை எழுதி முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

5

முடிவை வாசகரிடம் விடுவது கதை எழுதுகிற எங்கள் கூட்டத்தின் சோம்பேறித்தனம். இந்த முறை அப்படி இல்லை. "ஞாயிறு காலமை உம்மட கதையை வாசிச்சுப்போட்டுத்தான் தூண்டிலை எடுப்பன்" என்று ஐயா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆகவே, ஐயா, உங்கள் பெயரை மாற்றியிருக்கிறேன், ஆனால் நீங்கள்தான். பிச்சையம்மாள் என்று அங்கே யாரும் இல்லை, செக்ரோல் பெயர்ப் பட்டியலில் தேட வேண்டாம். மகளா மகனா என்பதையும் மாற்றிவிட்டேன். புண் மட்டும் நிஜம். உங்கள் முள்ளில் ஒரு குறையும் இல்லை. அது தெரிந்தும் நான்கு வாரம் உங்களுக்கு முள் விற்றேன். வெட்கமாக இருக்கிறது.

நாளை திங்கட்கிழமை. மதியம் பெண்கள் பம்பைக் கழுவ வருவார்கள். எங்கே கழுவ வேண்டும் என்று எழுதுகிற ஆள் நான் இல்லை.