அலியாரின் வலது கை

திருகோணமலைத் துறைமுகத்தோரம் ஃபைபர் படகு திருத்துகிற அலியாருக்கு வலது உள்ளங்கையில் ஓயாத அரிப்பு. பத்து வருடமாக அதை ஃபைபர் தூசி என்றே சொல்லித் திரிந்தார். ஆஸ்பத்திரியில் தோல் டொக்டர் பார்த்துவிட்டு, இது எக்சிமா, ஒருவருக்கும் தொற்றாது என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். பெயர் தெரிந்ததும் அரிப்புக்குத் தலைக்கனம் வந்துவிட்டது போலும், முன்னையைவிட உக்கிரமாக அரித்தது.

மகள் அம்ராவின் நிக்காஹ் நெருங்கியபோதுதான் வீட்டில் வில்லங்கம் தொடங்கியது. பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்து மகளைக் கொடுக்க வேண்டும். கிண்ணியாவிலிருந்து வருகிற சம்பந்திகளுக்கு முன்னால் இந்த மனுஷன் நடுவில் கையை உருவிச் சொறிந்தால் என்ன நினைப்பார்கள் என்று மனைவி உம்மு குல்சுமுக்குக் கவலை. அவருக்குப் பதிலாகத் தன் தம்பி அஸாம் கைபிடித்துக் கொடுக்கட்டும் என்றாள். அஸாமும் கேட்ட அன்றைக்கே புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டான்.

அலியார் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அம்ரா பிறந்த அன்று அவளை முதலில் ஏந்திய கை இது. கொடுக்கும்போது மட்டும் அஸாமின் கையா?

"நான்தான் பிடிச்சுக் குடுப்பன்," என்றார். "சொறியாம."

சொன்னாரே தவிர, சொல்லும்போதும் சொறிந்துகொண்டுதான் இருந்தார்.

உப்புவெளியில் விடுதிகளுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு அக்குபங்சர் செய்கிற தயாளினியிடம் போனார். அவள் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவள். ஊசி நோயை மாற்றாது, சிலருக்கு அரிப்பைக் கொஞ்சம் அடக்கும், களிம்பை நிறுத்தக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் மெல்லிய ஊசிகளை ஏற்றினாள். கை அரித்தால் காலில் ஏன் குத்துகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். அவர் விட்ட குறட்டையில் பக்கத்து அறை வெள்ளைக்காரி ஊசிகளோடு எழும்பி வந்து எட்டிப் பார்த்தாள்.

ஐந்து தடவை போனதில் அரிப்பு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு, நிக்காஹ்வுக்கு முதல் நாள், அவர் காதில் கடுகளவு ஊசி ஒன்றைக் குத்தி மேலே பிளாஸ்டர் ஒட்டினாள் தயாளினி.

"கடிச்சாச் சொறியாதேங்கோ நானா. இதை அமத்துங்கோ, கொஞ்சம் அடங்கும்."

நிக்காஹ் அன்று பள்ளிவாசலில் யாரோ ஒரு புண்ணியவான் அலியாரின் கை நனையப் பன்னீர் தெளித்துவிட்டான். மௌலவி மாப்பிள்ளை ஹஸ்மியின் கையையும் அலியாரின் கையையும் சேர்த்துவைத்து மேலே வெள்ளைக் கைக்குட்டையான லேஞ்சி ஒன்றை விரித்தார். மகளைக் கொடுக்கும் வார்த்தைகளை அலியார் பிசகாமல் சொன்னார். ஹஸ்மி, ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வாய் திறந்த நேரம் பார்த்து, பன்னீர் பட்ட உள்ளங்கை பற்றிக்கொண்டு அரித்தது. அலியார் இடது கையால் காதை அமத்தினார்.

மாமனாருக்குக் கேட்கவில்லை என்று மௌலவி நினைத்தார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார். ஹஸ்மி சொன்னான். அலியார் இன்னும் அழுத்தி அமத்தினார். மூன்றாம் தடவை ஒலிபெருக்கியையே போட்டார்கள். அம்ராவை ஹஸ்மி ஏற்றுக்கொண்ட சேதி துறைமுகத்தில் வலை இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் தெளிவாகக் கேட்டது.

"மச்சானுக்குக் கொஞ்ச நாளாக் காது கேக்காது," என்று அஸாம் பின்னாலிருந்து சபைக்கு அறிவித்தான்.

அலியார் மறுக்கவில்லை. கையைக் காப்பாற்றக் காதைப் பலி கொடுத்தார்.

ஆனால் துஆ ஓதி இன்னும் முடியவில்லை. மௌலவியோ நிதானமான மனுஷன். லேஞ்சிக்கு அடியில் அலியாரின் விரல்கள் நண்டாக நெளிந்தன. இனி ஏலாது, உருவத்தான் வேண்டும் என்று கையை இழுத்தார். அஸாம் பாதி எழும்பிவிட்டான்.

ஹஸ்மி கையை விடவில்லை. லேஞ்சிக்குள்ளே அவனுடைய பெருவிரல் நகம் மெல்ல அசைந்து, அந்த இடத்தையே கண்டுபிடித்து, சொறியத் தொடங்கியது. முகத்தில் ஒன்றையும் காட்டாமல் ஆமீன் சொல்லிக்கொண்டே சொறிந்தான். அலியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மகளைப் பிரிகிற கவலை என்று சபை உச்சுக்கொட்டியது.

லேஞ்சியை எடுத்த பிறகும் அலியார் கையை விடவில்லை. ஹஸ்மி குனிந்து அவர் காதருகே மெதுவாகச் சொன்னான்.

"விடுங்க மாமா. மிச்சத்த வீட்ட போய்ச் சொறிஞ்சு விடுறன்."

சொறியமாட்டேன் என்ற வாக்கை அலியார் காப்பாற்றிவிட்டார். சொறிந்தது மருமகன்.

அன்றிலிருந்து ஊரே அலியாரோடு கத்தித்தான் கதைக்கிறது. மௌலவி சைகையும் சேர்த்துக்கொள்கிறார். அலியார் யாரையும் திருத்தப் போகவில்லை. ஹஸ்மி மட்டும் மெதுவாகக் கதைப்பான். வீட்டுக்கு வந்து சலாம் சொல்லிக் கை கொடுத்தானென்றால், இருவரும் கையை எடுக்கக் கொஞ்சம் நேரமாகும்.