கேள்விக்குப் பிறகு

"இன்னும் கொஞ்சம் மேல," என்றாள் டீச்சர்.

மெக்கானிக் ஒரு கையால் மனைவியின் முதுகைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தலையணையை இழுத்துச் செருகினார். ஃபிரிட்ஜுகளைப் படியேற்றி இறக்கிப் பழகிய கைகள் அவை. இவ்வளவு லேசாகிப் போனவளை எப்படித் தூக்குவது என்றுதான் தெரியாமல் தடுமாறின.

"போதுமா?"

"போதும். இப்போ தரை தெரியுது. சாக்பீஸ் எடுத்துட்டு வாங்க."

"இன்னிக்கு எதுக்கு? பேசாம படுத்துக்கோயேன்."

"சாயங்காலம் அந்தப் பொண்ணு வந்துடுவா. கையில ஒண்ணும் இல்லாம திருப்பி அனுப்பவா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இனிமேல் மருந்தெல்லாம் வலிக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். உதவிக்கு வந்திருந்த மகள் அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அந்தப் பொண்ணு என்பது புது டீச்சர். இவள் படுக்கையில் விழுந்ததிலிருந்து நான்காம் வகுப்பை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். திங்கட்கிழமைப் பாடத்தைக் கேட்டுப்போக வருகிறாள்.

"நல்ல பொண்ணுதான். ஆனா கேள்வியும் அவளே கேக்கிறா, பதிலும் அவளே சொல்றா. பசங்க பாவம், வேடிக்கை பாத்துட்டு வீட்டுக்குப் போறாங்க," என்றாள் டீச்சர். "ஜன்னல் இன்னும் வாயத் திறக்கல. இந்தப் பாடத்துலயாவது திறப்பான்னு பாக்கறேன்."

ஜன்னல் என்பது ஜன்னலோரம் உட்காரும் சிறுமி. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் ஒரு பதில்கூடச் சொன்னதில்லை. தப்பாகிவிடுமோ என்ற பயம். டீச்சருக்கு உடம்பு முடியாமல் போனதில் இருந்த பெரிய வருத்தமே அவளை அப்படியே விட்டுவிட்டு வந்ததுதான். மகளைப் பற்றிக்கூட இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

மெக்கானிக் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றும்போது உட்கார்கிற அதே முக்காலி. இந்த வீட்டில் அதுதான் கடைசி பெஞ்ச்.

டீச்சர் ஒரு பாடத்தைக் காகிதத்தில் எழுதுவதற்கு முன்னால் அது ஒருமுறையாவது கணவரிடம் தோற்றாக வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான். பாடம் தொடங்கினால் மரியாதையெல்லாம் இடம் மாறிவிடும். அதுவரை 'ஏங்க, வாங்க' என்று பேசிக்கொண்டிருந்தவள், "டேய் கடைசி பெஞ்ச், நீ சொல்லு" என்பாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "சொல்றேன் டீச்சர்" என்பார். இதை முதன்முதலில் பார்த்த அன்றைக்கு அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனது தனிக்கதை.

அவர் நடிக்கவும் இல்லை. படித்த காலத்தில் நிஜமாகவே கடைசி பெஞ்ச்தான். திசைகள் பாடத்தில், தான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோமோ அதுதான் வடக்கு என்று அடித்துப் பேசினார். வேறு ஆளாக இருந்தால் எரிச்சல் வந்திருக்கும். அவளுக்கு வாயெல்லாம் பல். "இதோ, இங்கதான் பசங்க விழுவாங்க" என்று அந்த ஓர் இடத்தையே சுற்றிச் சுற்றி யோசிப்பாள். எதைச் சொல்வது என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுவது என்பதற்குத்தான் அவளுக்கு நேரம் பிடிக்கும்.

கேள்வி கேட்ட பிறகு வாயைத் திறக்கவே மாட்டாள். கண்ணையும் மூடிக்கொள்வாள். "என் மூஞ்சியப் பாத்தே பதிலக் கண்டுபிடிச்சுடறாங்க, திருட்டுப் பசங்க" என்பாள். அவர் தலையைச் சொறிவார், விட்டத்தைப் பார்ப்பார், தப்பும் தவறுமாக எதையாவது உளறுவார். அவள் அசையமாட்டாள். ஆனால் கடைசியில் அவர் தோற்றுப்போய், "தெரியல டீச்சர்" என்றால் மட்டும் சட்டென்று கண்ணைத் திறந்துவிடுவாள். "சபாஷ். இப்போ ஆரம்பிக்கலாம்."

இன்றைக்கு அவள் சொன்னபடி அவர் ஒரு தம்ளர் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் ஊற்றினார். அது ஓடித் தேங்கி நின்றதும் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டார். ஜன்னல் வழியாக வெயில் நேரே அதன்மேல் விழுந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் பாலைக் கொண்டுவந்தாள். அம்மா இரண்டு மடக்கு குடித்துவிட்டுப் போதும் என்றாள்.

"இதோ, ஓரம் காஞ்சிடுச்சு. கடைசி பெஞ்ச், சொல்லு. இங்க இருந்த தண்ணி எங்க போச்சு?"

"ஆவியாகிக் காத்துல கலந்துடுச்சு டீச்சர். போகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போகும். அத வச்சுத்தான் ஃபிரிட்ஜே ஓடுது. கம்ப்ரஸர் என்ன பண்ணும்னா..."

"உன்ன யாருடா இங்க உக்கார வச்சது? எந்திரிச்சு முதல் பெஞ்சுக்குப் போ."

"என் பொழப்பே அதுதானே டீச்சர். தெரிஞ்சதத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"இத்தன வருஷம் நல்லாத்தானே பண்ணிட்டிருந்தே. இன்னிக்கு ஒரு நாள் ஒழுங்கா தப்பு பண்ணக் கூடாதா?"

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அவளை மடக்கிப் போட்டது. அவர் நெஞ்சை நீவிவிட்டார்.

"போதும்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்போங்க?"

அவர் குனிந்து, அழியாத கோட்டின்மேல் இன்னொருமுறை சாக்பீஸை ஓட்டினார்.

"எது சொன்னாலும் சரின்னு எடுத்துக்கற மாதிரி ஒரு பாடம் வேணும். அப்பத்தான் ஜன்னல் பயப்படாம பேசுவா," என்றாள் மெதுவாக. "கடைசியில பதிலை நான் சொல்லணுமா, அப்படியே விட்டுடணுமான்னுதான் பிடிபடல. இன்னொரு வாட்டி நடத்திப் பாப்போம்." மூச்சை வாங்கி நிறுத்திக்கொண்டாள். "டேய், இங்க பாரு. கோடு, போட்ட இடத்துலயே இருக்கு. தண்ணி மட்டும் உள்ள தள்ளிப் போயிடுச்சு. போன தண்ணி எங்க போச்சு? அவசரமில்ல. யோசிச்சே சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டாள்.

மெக்கானிக் இந்த முறை ஒழுங்காகத் தப்பு செய்வது என்று தீர்மானித்தார். நான்காம் வகுப்புப் பிள்ளையாகத் தன்னை நினைத்துக்கொண்டு தண்ணீரை முறைத்துப் பார்த்தார்.

"தரை உறிஞ்சிடுச்சு டீச்சர்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. போதவில்லை போலிருக்கிறது.

"ஃபேன் காத்து தள்ளிவிட்டுடுச்சு."

அதற்கும் இல்லை. அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஒரு பக்கமாக ஒடுங்கி, கோட்டைவிட்டு நன்றாக விலகியிருந்தது.

"எறும்பு குடிச்சிடுச்சு டீச்சர். குடும்பத்தோட வந்து."

இதற்குக் கட்டாயம் சிரிப்பாள் என்று நினைத்தார். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. நல்ல பதிலுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு என்ன, எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள். அவரும் அவசரப்படவில்லை. வாயே திறக்காத அந்தச் சிறுமி என்ன நினைப்பாள் என்று நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். தண்ணீர் ஒரு காசளவுக்கு வந்துவிட்டது. இதற்குமேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"தெரியல டீச்சர்," என்றார்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியல டீச்சர்," என்றார் மறுபடியும். அப்புறம் முக்காலியிலிருந்து எழுந்தார். அவள் கையைத் தொட்டுப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

*

வீடு நிரம்பிவிட்டது. கூடத்தில் நாற்காலிகள் போட்டார்கள். டீச்சரின் அக்கா அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீட்டு வேலையைக் கையில் எடுத்தாள். ஈரத்துணியோடு கட்டிலடிக்கு வந்தாள்.

"அண்ணி, அத அழிக்காதீங்க."

"என்ன தம்பி இது, தரையில கிறுக்கி வச்சிருக்கு? நாலு பேர் வந்து போற இடம்."

"இருக்கட்டும் அண்ணி."

அவள் துணியோடு நின்று மகளைப் பார்த்தாள். பெரியம்மா, விடுங்க என்று மகள் கண்ணாலேயே சொன்னாள். அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் காரணம் தெரியாமலே அந்தக் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார்கள்.

மெக்கானிக்கை அரித்தது வேறொன்று. மகளிடம் மட்டும் சொன்னார்.

"எறும்பு குடிச்சிடுச்சுன்னு சொல்லிட்டிருந்தேன்மா. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, அவ போயிட்டான்னுகூடத் தெரியாம எறும்பு, ஃபேன்னு..."

மகள் அவர் தோளில் கை வைத்தாள். "அம்மாவுக்கு அதுதானேப்பா பிடிக்கும். எறும்பு வரைக்குமாவது கேட்டிருப்பாங்க."

அவர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

புது டீச்சர் சொன்ன நேரத்துக்கு, தோளில் பையும் கையில் ஆரஞ்சுப் பழங்களுமாக வந்தாள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வந்து வெகுநேரம் சுவரோரம் நின்றாள். கிளம்பப் போனவளை மெக்கானிக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பாடம் கேக்கத்தானேம்மா வந்தீங்க?"

"ஐயோ சார், அதெல்லாம் இப்போ எதுக்கு? நாளைக்கு ஸ்கூலே லீவுதான்."

"என்னிக்கு இருந்தாலும் நடத்தணுமே. அவ இன்னும் எழுதல. எனக்கு மட்டும்தான் தெரியும்."

சொல்லிக் கொடுத்தார். தண்ணீர் ஊற்றுவது, கோடு போடுவது, ஓரம் காயும்வரை விட்டுவைப்பது. புது டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"புரியுது சார். நீராவி ஆகறத நான் அப்படியே விளக்கிடறேன்."

"அங்கதான்மா தப்பு. கேள்வி கேட்டுட்டு நீங்க பேசக் கூடாது. கண்ணையும் மூடிக்கணும். என்ன சொன்னாலும் தப்புன்னு சொல்லக் கூடாது."

"யாருமே எதுவும் சொல்லலைன்னா?"

"காத்திருக்கணும்."

"எவ்வளவு நேரம் சார்? வகுப்பு சும்மா இருந்தாலே நான் பேசிடுவேன்." கொஞ்சம் தயங்கி, "கடைசியில பதிலச் சொல்லச் சொன்னாங்களா, வேண்டாம்னாங்களா?" என்றாள்.

மெக்கானிக் தரையைப் பார்த்தார். கோடு முழுசாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை.

"அத யோசிச்சுக்கிட்டுதான் இருந்தா," என்றார்.

*

வந்தவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பினார்கள். பள்ளி அலமாரியின் சாவி மட்டும் டீச்சரின் கைப்பையில் தங்கிவிட்டது. அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று மெக்கானிக் ஒருநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்தார்.

பள்ளி கேட்டை நெருங்கியதுமே தெரிந்தது. சிமெண்டு முற்றம் முழுக்கச் சாக்பீஸ் கோடுகள். ஒன்றுகூட ஒழுங்கான வட்டமில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. நான்காம் வகுப்பு மொத்தமும் அவற்றைச் சுற்றிக் குனிந்து நின்றது. நடுவில் புது டீச்சர். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். பேசிவிடுவோமோ என்று பயந்தவள்போல வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

கேள்வி கேட்டாகிவிட்டது.

யாரோ ஒரு பையன் எதையோ சொன்னான். இன்னொருவன் சிரித்தான். புது டீச்சர் அசையவில்லை. மறுபடி அமைதியானது. எல்லாருக்கும் பின்னால், மதில் பக்கம் தனியாக நின்ற ஒரு சிறுமி மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே காய்ந்துபோன இடத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள். உதடுகள் பிரிந்தன.

ஸ்கூட்டர் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அவசரமாகச் சாவியைத் திருப்பி அதை அணைத்தார்.