காக்காப்பொத்தையில் ஒரு நிமிடம்

விரைவு ரயில் ஒரு சின்ன ஊரில் ஒரு நிமிடம் நிற்க வேண்டுமென்றால், அந்த நிமிடத்தை அந்தத் தொகுதியின் எம்.பி.தான் தர வேண்டும். நாடாளுமன்றத்தில் பேசுவதற்கென்று அவருக்கு ஒதுக்கியிருக்கும் நேரத்திலிருந்து எடுத்துத் தர வேண்டும். ரயிலிடம் சொந்தமாக நிமிடம் கிடையாது. இருப்பதெல்லாம் ஓடுவதற்கே சரியாகிவிடுகிறது. கொடுத்த நிமிடம் தீர்ந்துபோவதில்லை. கார்டு அதைக் காலையில் அந்த ஊரில் இறக்கிவைப்பார், வண்டி கிளம்பும்போது எடுத்துக்கொள்வார், மறுநாளுக்கும் அதுவே ஆகும். ஆனால் அது ஊரில் இருக்கிறவரைக்கும் டெல்லியில் அதை வைத்துப் பேச முடியாது.

பெரிய நகரத்து எம்.பி.க்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் ஊரில் ரயில் தானாகவே நிற்கும். அதனால் அவர்கள் பேசுவார்கள். கிராமத்துத் தொகுதிக்காரர்கள் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய நிமிடங்கள் எங்கெங்கோ பிளாட்பாரங்களில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

வெயிலுமுத்து எம்.பி. ஆனதே வாயால்தான். சும்மா சொல்லக் கூடாது, வாழைக்காய் மண்டியில் ஏலம் கூவிக் கூவித் திரண்ட தொண்டை அது. மேடையேறினால் மூன்று மணி நேரம், நடுவில் ஒரு சோடா கூடக் கேட்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு டெல்லியில் கூட்டத்தொடருக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். சின்னக் கட்சி, அவ்வளவுதான் வரும்.

ஜெயித்த மூன்றாம் மாதம் நல்லமாடன்பட்டியிலிருந்து பூ வியாபாரம் பார்க்கிற பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள்.

"அண்ணாச்சி, நீங்க அங்க பேசி என்ன ஆவப் போவுது? ஆறே முக்கால் வண்டி நின்னா எங்க பூவாவது வாடாமப் போய்ச் சேரும்" என்றாள் ஒருத்தி.

வெயிலுமுத்து அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு நிமிடம் போயிற்று. மறு வருஷம் சூரன்குளத்துப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போக வண்டி வேண்டுமென்று வந்தார்கள். இன்னொன்றும் போயிற்று. மூன்றாவது நிமிடத்தை மட்டும் யாருக்கும் தர மாட்டேன் என்று மனைவி சண்முகக்கனியிடம் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். அது அவருக்கு வேண்டியிருந்தது.

அவருடைய தொகுதியில் அறுபத்தொரு ஊர்கள். அவற்றில் ஒன்றின் பெயர்கூட அந்தச் சபையில் இதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. அங்கே சொன்னது குறிப்பேட்டில் ஏறும், ஏறியதை யாரும் அழிக்க முடியாது. கோரிக்கையெல்லாம் எதுவும் வேண்டாம், அறுபத்தொரு பெயரையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். அதுதான் அவர் ஆசை.

காலையில் பல் தேய்த்த கையோடு கிணற்றடியில் நின்று பயிற்சி நடக்கும். கனி அலாரம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரைக்காய்க்கு நார் உரிப்பாள்.

"எழுபத்தெட்டு செகண்டு ஆவுது. நடுவுல மூச்சு விடாதீங்க."

"மூச்சு விடாம மனுசன் எப்படிப் பேச?"

"அப்ப ஊரைக் குறைங்க."

"எந்த ஊரைக் குறைக்கச் சொல்லுத?"

கனி யோசித்துப் பார்த்தாள். அவள் பிறந்த ஊர் முப்பத்திரண்டாவதாக வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். இரண்டு மாதத்தில் ஐம்பத்தொன்பது செகண்டுக்கு வந்துவிட்டது. நல்லமாடன்பட்டியில் தொடங்கி, அறுபத்தொன்றாவதாகக் காக்காப்பொத்தையைச் சொல்லி வாயை மூடினால் மணி அடிக்கும்.

அதற்குள் ஊரில் சுவருக்குச் சுவர் 'வாய் திறக்காத எம்.பி.' என்று எழுதிவிட்டார்கள். நிமிடங்கள் எங்கே போயின என்று எழுதினவர்களுக்கும் தெரியும். அந்த வண்டியில் ஏறிப்போய்த்தான் சுண்ணாம்பு வாங்கி வந்தார்கள். "வண்டி நிக்குது, அதை இல்லங்கல. ஆனா நீங்க பேசலையே அண்ணாச்சி" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். கட்சி மாவட்டச் செயலாளரும் சொல்லிவிட்டார். உன் சத்தம் டி.வி.யில் கேட்காவிட்டால் அடுத்த தடவை உனக்கு சீட்டு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் டெய்சி டீச்சர் வந்தார். காக்காப்பொத்தை தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கையில் ஒரு பச்சை வயர் கூடை. ஏதோ ஒரு விண்ணப்பத்தில் எம்.பி. கையெழுத்து வேண்டுமென்று வந்திருந்தார், வேறொன்றும் கேட்கவில்லை. கனி காப்பி கொண்டுவந்தாள்.

"வேண்டாம்மா. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர்தான் எனக்கு. அதைக் காலையிலயே குடிச்சிட்டேன்."

இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அதில் ஒன்று வந்தால் உண்டு. நாற்காலிக்குக் கீழே டீச்சரின் கால்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. வெயிலுமுத்து கையெழுத்தைப் போட்டுவிட்டு அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் போனபிறகு கனி காப்பி டம்ளரை எடுத்தாள்.

"கடிகாரத்தை உள்ள எடுத்து வச்சிரட்டுமா?" என்றாள் கனி.

"வையி."

ஆறே முக்கால் வண்டி காக்காப்பொத்தையில் முதன்முதலாக நின்ற அன்றைக்கு வெயிலுமுத்து நேரில் போனார். ஒரு தகரக் கொட்டகை, முள் நிறைந்த ஓர் உடைமரம், ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகை, அவ்வளவுதான் ஸ்டேஷன். இறங்க யாருமில்லை, ஏற ஒரே ஒருவர். கார்டு நிமிடம் இருந்த தகர டப்பாவைத் திறந்து கீழே வைத்தார். டீச்சர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார், இன்னொரு காலுக்கு இடம் பார்த்தார். வெயிலுமுத்து படிப்பக்கம் ஓடினார்.

"சீக்கிரம் டீச்சர், ஏறுங்க, ஏறுங்க!"

"ஒரு நிமிசம் தாராளம்யா. அவசரப்படாதீங்க" என்றார் டீச்சர். ஏறி நின்று கார்டைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்றும் கேட்டார். அதற்குப் பிறகுதான் விசில் ஊதியது.

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. டெல்லியில் வெயிலுமுத்துவுக்குப் பக்கத்து இருக்கை பிர்சு ஓரானுடையது. அவர் வடக்கே ஒரு காட்டுத் தொகுதிக்காரர். ஒன்பது நிமிடமும் ஒன்பது ஸ்டேஷனுக்குப் போய்விட்டது, இருபது வருஷமாக அவர் சபையில் இருமியதுகூட இல்லை. யாராவது நகரத்து எம்.பி. எழுந்து பிளந்துகட்டும்போது, அவர் சட்டைப்பையிலிருந்து ரயில்வே கால அட்டவணையை எடுத்துத் தன் ஒன்பது வரிகளையும் விரலால் தொட்டுக்காட்டுவார். வெயிலுமுத்து தன் மூன்று வரிகளைக் காட்டுவார். பிறகு இருவரும் கேன்டீனுக்குப் போய் டீ குடிப்பார்கள்.

ஐப்பசி மழையில் டெய்சி டீச்சர் இறந்துபோனார். பதினாறு நாள் கழித்து நல்லமாடன்பட்டி ஸ்டேஷன் மாஸ்டர் வெயிலுமுத்துவின் வீட்டுக்கு வந்து தகர டப்பாவைக் கொடுத்தார். 'காக்காப்பொத்தையில் பயணி இல்லாமையால் நிமிடம் திருப்பியளிக்கப்படுகிறது' என்று மேலே சீட்டு ஒட்டியிருந்தது. தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தொடர் அந்த வாரம்தான் தொடங்க இருந்தது.

"புண்ணியவதி, சரியான நேரத்துலதான் போயிருக்கா" என்றார் மாவட்டச் செயலாளர் போனில். "இந்தத் தடவை ஒரு கலக்குக் கலக்கிருவே."

கொடுத்த நிமிடம் இப்படியா திரும்பி வரவேண்டும் என்று வெயிலுமுத்து புலம்பினார். டப்பாவைத் தொடவே அவருக்குக் கூசியது. கனிதான் அதைத் துடைத்து, வேட்டி மடிப்புக்குள் வைத்துப் பெட்டியில் கட்டினாள்.

"போயிப் பேசிட்டு வாங்க. அவுக ஊர்ப் பேரு கடைசில வருது. அதை முழுங்கிராம நல்லா நிறுத்திச் சொல்லுங்க" என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சபாநாயகர் அவர் பெயரைக் கூப்பிட்டார். ஒரு நிமிடம் என்றார். வெயிலுமுத்து எழுந்து, டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தார். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு நல்லமாடன்பட்டிக்கு வாயைத் திறந்தார்.

வாயிலிருந்து பிரேக் பிடிக்கும் சத்தம் வந்தது. நீளமாகக் கிறீச்சிட்டு ஓய்ந்தது. பிறகு உடைமரத்தில் காக்கைகள் கத்தின. சரளைக்கல்லில் செருப்பு இழுபடும் சத்தம், படியில் ஒரு கால் வைக்கும் சத்தம், இன்னொரு கால் இடம் தேடும் சத்தம். வெயிலுமுத்து வாயை மூடவில்லை. இரண்டு வருஷம் அங்கே கிடந்த நிமிடம், அது வேறெதைச் சொல்லும். சுருக்கெழுத்தாளர்கள் தலை குனிந்து எழுதினார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அவரவர் மொழியில் பிரேக் பிடித்தார்கள்.

"ஒரு நிமிசம் தாராளம்யா. அவசரப்படாதீங்க" என்றது டெய்சி டீச்சரின் குரல். வெயிலுமுத்துவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. துடைக்கக் கை போகவில்லை.

"சாப்டீங்களா?" என்று குரல் கேட்டது.

சாப்பிட்டுவிட்டதாகச் சபாநாயகர் சொன்னார்.

பிறகு விசில் ஊதியது. பின்வரிசைக்காரர்கள் பைகளை மடிக்கு எடுத்துக்கொண்டார்கள். பிர்சு ஓரான் அட்டவணையைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஒரு வயர் கூடையும் ஓர் ஆளும் கொள்ளுமளவுக்குத் தள்ளி உட்கார்ந்தார். வெயிலுமுத்துவும் டப்பாவை மூடிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். சபை ஒரு குலுக்குக் குலுக்கி நகரத் தொடங்கியது.

சன்னலுக்கு வெளியே காக்காப்பொத்தையின் மஞ்சள் பலகை மெதுவாகப் பின்னால் போயிற்று. அடுத்து எட்டுநாயக்கன்விளை வந்தது. அடுத்து மேலச்சூரன்குளம். சன்னலோரம் இருந்த நகரத்து எம்.பி.க்கள் ஒவ்வொரு பலகையையும் எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார்கள். எல்லாம் குறிப்பேட்டில் ஏறியது. முப்பதாவது ஊருக்கு மேல் வேகம் கூடியது. கனி பிறந்த ஊர் வந்தபோது வெயிலுமுத்து எட்டிப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரிந்தது. மீதி ஊர்களும் வரிசையாக வந்துபோயின. சபை எந்த ஊரிலும் நிற்கவில்லை. அதனிடம் நிமிடம் இல்லை.