புழுவுக்கு விட்ட ஓரம்

என் கொழுந்தன் முனியராஜுக்கு மூளை இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிற மூளை அத்தனையும் பட்டாசு பாக்கிங்கில் போய்விட்டது, அவ்வளவுதான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் அடுக்குகிறவன் அவன். பெரிய பெட்டிக்குள் தனியாக ஒரு சின்னப் பொட்டலம் கிடந்தால் அவனுக்கு அது இனாம். வருஷம் முழுக்க அப்படித்தானே அடுக்குகிறான்!

இரண்டாயிரத்து ஆறு ஐப்பசியில் எங்கள் ஊரில் பி.டி. பருத்தி என்று ஒரே பேச்சு. காய்ப்புழு கிட்டவே வராதாம், மருந்தடிக்கிற பாடு மிச்சமாம். முனியராஜ் தன் புஞ்சைக்கு நாலைந்து பெட்டி விதை வாங்கினான். ஒவ்வொரு பெட்டியிலும் பெரிய பாக்கெட்டோடு ஒரு சின்னப் பொட்டலமும் இருந்திருக்கிறது. சின்னதையெல்லாம் பிரித்து ஒரு மஞ்சப்பையில் கொட்டி என்னிடம் கொண்டுவந்தான்.

"மதினி, இது இனாமா வந்த விதை. உங்க துண்டு நிலத்துக்குக் காணும். புழு தொடாது, கவலைய விடுங்க."

அவனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவன் அண்ணன், என் வீட்டுக்காரர், வெடிவிபத்தில் போனபிறகு எங்களை எட்டிப்பார்க்கிற ஒரே ஆள் அவன்தான். எனக்குப் பட்டாசு மருந்து நெடி பட்டாலே இளைப்பு வந்துவிடும். எந்தக் கம்பெனியிலும் என்னைச் சேர்க்கமாட்டார்கள். மகள் இசைவாணி சாத்தூரில் காலேஜில் முதல் வருஷம். பருத்தி கை கொடுத்தால் அவள் தொடர்ந்து படிப்பாள். கொடுக்காவிட்டால் அவள் அப்பா ஏறிப்போன அதே கம்பெனி வேனில் அவளும் ஏறவேண்டியதுதான்.

செடி நன்றாகத்தான் வந்தது. மார்கழிக் கடைசியில் பூவும் பிஞ்சும் கீழே உதிர ஆரம்பித்தன. முனியராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பனிக்கு உதுந்திருக்கும் மதினி. நீங்க வேற, சும்மா பயந்துக்கிட்டு."

சரி என்று வந்துவிட்டேன். ஆனால் சோறு இறங்கவில்லை. மருந்து அடிக்கலாமா வேண்டாமா, அடித்தால் எனக்கு இளைப்பு வருமே, யாரைக் கூப்பிடுவது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தினமும் விடிந்ததும் போய் உதிர்ந்ததைப் பொறுக்கிக் குவித்தேன். குவியல் ஏறிக்கொண்டே போனது. தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஒரு காயைப் பிளந்து பார்த்தேன். உள்ளே பச்சையாக ஒரு புழு, சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த காயிலும் இருந்தது. அதற்கடுத்த காயிலும். வரப்பைத் தாண்டி முனியராஜ் செடியில் நாலு காயைப் பிளந்தேன். ஒன்றிலும் ஒரு பொட்டு ஓட்டை இல்லை.

அன்றைக்குப் பார்த்து விதைக் கம்பெனிக்காரப் பையன் ஒருவன் முனியராஜ் பயிரைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். அவனை விட்டேனா? கையைப் பிடிக்காத குறையாக என் நிலத்துக்கு இழுத்துவந்தேன். முனியராஜும் பின்னாலேயே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முனியராஜைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் பொட்டலம் இனாம் இல்லண்ணே, சாதாப் பருத்தி விதை. உங்க வயலைச் சுத்தி ஓரத்துல ஊனச் சொல்லிக் குடுத்தது. புழுவுக்குத் திங்க ஒரு இடம் விடணும். எல்லா இடத்துலயும் பி.டி. போட்டா புழு அதுக்குப் பழகிரும், பிறகு எந்த விதையும் தாங்காது. சட்டமே அப்படித்தான் இருக்கு."

"அப்ப புழுவுக்கு விட்ட இடம் என் நிலமாய்யா?" என்றேன்.

அவன் செருப்பில் அப்பியிருந்த கரிசலை உதறினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் அழுது என்ன ஆகப்போகிறது? நியாயத்தைக் கேட்டேன்.

"ஏலே முனியராசு, ஓரம் விடச் சொன்னது ஒனக்கு. என் நிலம் ஒனக்கு ஓரமா நின்னு புழுவுக்கு வயித்தக் குடுத்திருக்கு. அப்ப ரெண்டும் ஒரே வயலுதான? ரெண்டையும் சேத்து எடுத்து, எனக்கு உண்டான பங்கக் குடு. புள்ள படிப்பு இதுலதான் இருக்குன்னு ஒனக்குத் தெரியும்."

முனியராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "இனாமாக் குடுத்ததுக்குப் போயி பங்கு கேக்கீகளே மதினி."

"பங்கு இல்லேன்னா, இந்தச் செடி அம்புட்டையும் பிடுங்கித் தீ வச்சிருவேன். புழுவெல்லாம் உன் பருத்திக்கு வந்து பழகட்டும்!"

அது அவனைச் சுடும் என்று நினைத்தேன். கம்பெனிப் பையன்தான் பதறினான். "அக்கா, அப்படிச் செஞ்சிராதீங்க, நாலஞ்சு வருஷத்துல எல்லாருக்கும் கஷ்டம்" என்றான்.

முனியராஜ் பதறவில்லை. "பிடுங்குங்க மதினி. நாலஞ்சு வருசத்துல வேற விதை வந்துரும்" என்று சொல்லிவிட்டு வரப்பில் ஏறிப் போய்விட்டான். பையனும் வண்டியைக் கிளப்பினான்.

திரும்பினால் இசைவாணி நிற்கிறாள். காலேஜ் போகக் கிளம்பியவள் என் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ! பிளந்துகிடந்த காய்களைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை, பாவி.

"அம்மா, கம்பெனி வேன் நம்ம ஊருக்கு எத்தன மணிக்கு வரும்?"

அவளுடைய காலேஜ் பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்துவிடும். அதை நான் எந்த வாயால் சொல்வேன்?