நான் தேய்த்த பாதிச் சுவர்

நான் துடைத்த இடத்தில் இன்னொருத்தர் மறுபடி துணி போட்டதாகச் சரித்திரம் இல்லை. பதினான்கு வருடமாக இது என் திமிர். என் நாத்தனார் அப்படியில்லை. கூடவே வேலைக்கு வருவாள், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். வீட்டுக்காரரின் தங்கையாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் மலைக்குகையை மக்கள் பார்க்கத் திறந்துவிடப் போகிறார்கள், சுவர்க் கிறுக்கல்களை எடுக்க வேண்டும் என்று எங்களை அனுப்பினார்கள். உள்ளே போனால், காதலிக்கிறவர்களில் ஒருத்தர் பாக்கியில்லை, எல்லார் பெயரும் வெள்ளை பெயின்ட்டில் இருந்தது. அதற்கடியில் செங்கல்லால் கிறுக்கியதுபோல் சிவப்பாக, குச்சி குச்சியாகச் சில உருவங்கள். வேலையை ஆரம்பிக்கும் முன் ஆளோடு சேர்த்து ஒரு படம் எடுத்து வைப்பது எங்கள் கம்பெனி வழக்கம். முகம் நன்றாகத் தெரியவேண்டுமே என்று கேமராவுக்குக் கிட்டத்தில் வந்து, இடுப்பில் கைவைத்து நின்றேன். நாத்தனார் அவள் போனில் எடுத்தாள். சுவரில் இடது பாதி அவளுக்கு, வலது பாதி எனக்கு.

சாயங்காலம் என் பாதி பளிச்சென்று இருந்தது. சிவப்புதான் லேசில் போகவில்லை. விடுவேனா நான்? ஆசிட்டை ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தோள் கழன்றுபோகும்வரை தேய்த்தேன். நாத்தனார் வெள்ளையை மட்டும் எடுத்துவிட்டு வாளிமேல் உட்கார்ந்திருந்தாள்.

“செவப்பு போக மாட்டேங்குது அண்ணி. இருந்துட்டுப் போகட்டுமே, பாக்க நல்லாத்தானே இருக்கு.”

வந்ததே எனக்குக் கோபம். அவள் பாதியைப் படம் எடுத்து, ‘வேலை அரைகுறை, நடவடிக்கை எடுக்கவும்’ என்று ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். சொந்தமாவது பந்தமாவது.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் வந்தார். கூடவே கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பழங்காலத்தை ஆராய்ச்சி செய்கிறவராம். நான் அனுப்பிய படம் கைமாறிக் கைமாறி அவரிடம் போயிருக்கிறது. நாத்தனாருக்கு இன்றைக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா இடது பக்கச் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த டார்ச் கீழே விழுந்தது. அதை அவர் எடுக்கக்கூட இல்லை.

“எழுத்தே இல்லாத காலத்து மனுஷங்க வரைஞ்சது இது,” என்றார். “எத்தனை ஆயிரம் வருஷம்னு இப்போ என்னால சொல்லக்கூட முடியாது.”

கையிலிருந்த பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்பது பேர் கைகோத்துக்கொண்டு வலது பக்கமாக நடந்து போகிறார்கள்.

“எதையோ பாத்துப் போறாங்க. ஆனா எதைன்னு வரையல. இங்கயே நிறுத்திட்டாங்க,” என்று நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று அந்தப் பார்வையே சொன்னது. வீடே இந்த வேலையில்தான் ஓடுகிறது. நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள். அவளைக் காட்டிக்கொடுத்தவள் நான்.

“எழுதாதீங்கம்மா,” என்றேன். “அவங்க நிறுத்தல. இந்தப் பக்கமும் நெறய இருந்துச்சு. நான்தான் தேய்ச்சு எடுத்துட்டேன்.”

சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த அம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன இருந்துச்சு? சொல்லுங்க. எதைப் பாத்துப் போனாங்க?”

யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு பகல் முழுக்க மூக்கு உரச நின்ற சுவர். அழுக்கு என்றுதான் பார்த்தேன், என்னவென்று பார்க்கவில்லை. பாவி, ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

“அண்ணி, ஃபோட்டோ இருக்கே,” என்றாள் நாத்தனார்.

அவசர அவசரமாகப் போனைத் தேடி எடுத்தாள். வேலைக்கு முன் எடுத்த படம். மூன்று பேர் தலையும் முட்டிக்கொண்டன. அந்த அம்மா விரலால் பெரிதாக்கினார். வெள்ளைப் பெயர்களுக்கு நடுவில் ஒன்பது பேரும் தெரிந்தார்கள். ஒன்பதாவது ஆளைப் பிடித்திருக்கும் பத்தாவது ஆளின் கை தெரிந்தது. அதற்கப்புறம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, சுவரே தெரியாமல், நான் நின்றுகொண்டிருந்தேன்.