மனோரமா ‘பிறகு’ என்பதை அழுத்துகிறார்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கண்ணில் பட்டது. என் புத்தகங்களுக்கு ஒரு வெப்சைட் வேண்டுமென்று, திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் இருக்கும் மனோரமாவின் கடைக்குப் போயிருந்தேன். அவர் கணினியைப் போட்டதும் திரை நடுவில் ஒரு பெட்டி வந்தது. வெப்சைட் வடிவமைக்கும் சாஃப்ட்வேருக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே மாற்றவா, பிறகா என்று கேட்டது. அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. ‘பிறகு’ என்பதை அழுத்தினார். மறுமுறை போனபோதும் அப்படியே. அதற்கடுத்த முறை ஏன் என்று கேட்டேவிட்டேன்.

“இதுவே நல்லாத்தான் ஓடிகினு இருக்குது சார்” என்றார்.

ஓடவில்லை. நான் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அது இரண்டு தடவை உறைந்து நின்றது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘மலைப்படிகளில் வெயில் இறங்கும் மாலையில், தனிமையில் வாடிய ஒரு பெண்...’

அடித்துவிட்டேன். மனோரமா வாடவில்லை. முப்பத்தாறு வயது. ஊரிலுள்ள லாட்ஜுகளில் பாதிக்கு அவர் செய்த வெப்சைட்தான். சத்தமாகச் சிரிப்பார். போனில் கடன்காரக் குரலில் பேசுகிறவர்களை அதே குரலில் திருப்பிப் பேசி அனுப்பிவிடுவார்.

இரண்டாவது தொடக்கத்தைப் பங்காருவிலிருந்து ஆரம்பித்தேன். பங்காரு, மனோரமாவின் அத்தை மகன். பாவா என்றுதான் கூப்பிடுவார். இருவரும் சேர்ந்து தொடங்கிய கடை அது. பிறகு பங்காரு அம்பத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆனாலும் தொழில் பிரியவில்லை. பக்கங்களை அழகு செய்வது மனோரமா, உள்ளே ஓடும் புரோகிராம் எழுதுவது பங்காரு. பழைய பதிப்பில் ஒரு வெப்சைட்டை ஒரே கணினியில்தான் திறந்து வேலை செய்ய முடியும். ஆகவே சனிக்கிழமைதோறும் லோக்கல் ரயிலேறித் திருத்தணிக்கு வருகிறார்.

புதிய பதிப்பில் இருவரும் அவரவர் ஊரிலிருந்தே ஒரே பக்கத்தில் வேலை செய்யலாம்.

(வாசகருக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரிய நாளாயிற்று.)

3

பங்காரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு சனிக்கிழமை அவரைப் பார்த்தேன். மதியம் முழுக்க மனோரமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஒரு நீல நிறத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. இப்படிப்பட்டவருக்காக ஒரு பெண் காத்திருப்பாளா? கதையில் நிற்குமா? ஆனால் அவர் வரும்வரை மனோரமா மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. அதையும் நான்தான் பார்த்தேன்.

இருவருக்கும் கல்யாணம் செய்துவைக்க வீட்டில் ஒருகாலத்தில் பேச்சு எடுத்தார்கள். அது நின்றுபோனதற்குக் காரணம் [மனோரமா சொல்லவில்லை. நானாகச் சில காரணங்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாமே சினிமாத்தனமாக இருந்தன].

4

தணிகாசலம் என்பவர் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். செல்போனிலேயே தேதி பார்த்து முன்பதிவு செய்யும்படி வெப்சைட் வேண்டும், முகூர்த்த மாதம் தொடங்குவதற்குள் வேண்டும் என்றார். பழைய சாஃப்ட்வேரில் அது நடக்காது. மனோரமா ஸ்பீக்கரில் போட்டுப் பங்காருவிடம் விஷயத்தைச் சொன்னார்.

“அப்கிரேட் பண்ணிடு மனோ. இனிமே நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்.”

“ஆங்” என்றார் மனோரமா.

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பாமலே, பாவா ரயிலில் நின்றுகொண்டே வருவதும் கஷ்டம்தானே என்று சொன்னார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மனோரமா மண்டப வேலையை வேண்டாமென்று சொல்லி, பழைய பதிப்போடும் சனிக்கிழமைகளோடும் இருந்துவிடுகிறார். இன்னொன்றில் தணிகாசலத்தின் மண்டபத்தில் முதல் தேதியை இவர்களே... (வாக்கியத்தை முடிக்கவே கூச்சமாக இருந்தது.)

வேறு வழியில்லாமல், அதுவரை எழுதியதை மனோரமாவிடமே படிக்கக் கொடுத்தேன். வாடிக்கையாளர் ஒருவரைக் காக்கவைத்துவிட்டு முழுவதும் படித்தார்.

“இதுல நான் அழறேன்னு எழுதியிருக்கீங்க. அழலை சார்.”

எந்த இடத்தில் என்று காட்டினார். அந்த வரியை எடுத்துவிட்டேன், மேலே நீங்கள் பார்த்திருக்க முடியாது. மற்றதெல்லாம் சரியா என்று கேட்டேன். அவர் திரும்பிக் கணினியைப் போட்டார். பெட்டி வந்தது. அன்றுதான் அதை ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு ‘இப்போதே’ என்பதை அழுத்தினார்.

6

மறுநாள் காலை நான் கடையில் இருக்கும்போது மண்டபத்தின் வெப்சைட் திரையில் திறந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பச்சை அம்புக்குறி ஓரத்திலிருந்து நகர்ந்து வந்தது. அதன் வாலில் பங்காரு என்று பெயர். மனோரமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, துப்பட்டாவைச் சரிசெய்தார். அம்புக்குறிக்குக் கண் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

அவர் ஒரு படத்தை நகர்த்தினால், அம்புக்குறி அதன் கீழே ஒரு பொத்தானை வைத்தது. அது சும்மா நின்றபோதெல்லாம் அவர் கையும் நின்றது. பல சனிக்கிழமைகள் இழுக்க வேண்டிய வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பச்சை அம்புக்குறி மறைந்தது. போன் அடித்தது, மனோரமா ஸ்பீக்கரில் போட்டார்.

“முடிஞ்சிச்சே மனோ. அப்ப சனிக்கிழமை நான் வரத் தேவையில்ல, இல்ல?”

மனோரமா என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

“வேலைக்குத் தேவையில்ல பாவா.”

“சரி” என்றார் பங்காரு.

7

அந்தச் ‘சரி’யை எப்படிச் சொன்னார் என்று எழுதிவிட்டால் கதை முடிந்துவிடும். ‘தாழ்ந்த குரலில், எதையோ புரிந்துகொண்டவராக’ என்று எழுதினேன். ‘எதையும் புரிந்துகொள்ளாதவராக’ என்றும் எழுதினேன். இரண்டும் அந்தக் குரலுக்குப் பொருந்தின.

இன்று வெள்ளிக்கிழமை. நாளை கடைப்பக்கம் போனால் தெரிந்துவிடும், தெரிந்தால் எழுதிவிடுவேன். அதனால் போவதாக இல்லை. ரயில் எப்படியும் வரும். அதிலிருந்து யாரை இறக்குவது என்பதை உங்களிடம் விடுகிறேன்.